சோதனை முடியட்டும்

தேவராசாவுக்குப் பொய் சொல்ல வராது. அது ஒரு குறை என்று இவ்வளவு காலமும் அவருக்குத் தெரிந்ததில்லை. டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் பிளாஸ்டிக் பெட்டி வார்க்கும் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு நின்று காலம் தள்ளுகிற மனிதனுக்குப் பொய் எதற்கு? ஆனால் அந்த மே மாதம், வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்த நேரம் முதல் படுக்கப் போகும்வரை அவர் பொய் சொல்லவேண்டி வந்தது, அதுவும் பெற்ற மகளுக்கு. மனிதர் இருந்த இடத்தில் இருக்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றிவிட்டுக் குடிக்க மறந்தார். பூட்டிய காரைத் திரும்பவும் போய்ப் பூட்டிவிட்டு வந்தார்.

விஷயம் இதுதான். மகள் துஷாராவுக்கு மருத்துவப் படிப்புக்கான நேர்முகம் வந்திருந்தது, ஓடென்ஸ பல்கலைக்கழகத்தில். ஜிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் அவள் எடுத்த புள்ளி, புள்ளியை மட்டும் பார்த்து எடுக்கிற வரிசைக்கு ஒரு மயிரிழை குறைந்துபோய்விட்டது. மிஞ்சியிருந்தது ஆளைக் கூப்பிட்டுக் கதைத்துப் பார்த்து எடுக்கிற வழி. போன வருடம் அதிலும் கூப்பிடவில்லை. ஒரு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டு திரும்பவும் விண்ணப்பித்தாள். இந்த முறை கூப்பிட்டார்கள். கூப்பிட்ட கையோடு அவளுடைய மாமா குலேந்திரன் கண் மஞ்சளாகி ஆசுபத்திரிக்குப் போனார். அவர் தேவராசாவின் மனைவி சுசீலாதேவிக்கு ஒரே தம்பி. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியில் தனியாக இருந்து பஸ் ஓட்டுகிறவர். கணையத்தில் கட்டி என்றார்கள். ஈரலுக்கும் பரவிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள்.

சுசீலாதேவி அழுது முடித்து, மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சோதனை முடியட்டும்."

தேவராசாவுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறியது. வீட்டில் இடி விழுந்தாலும் சோதனைக்குப் படிக்கிற பிள்ளையின் காதில் அது விழக்கூடாது. தேவராசா ஊரில் ஏ.எல். சோதனை எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய பெரியப்பா செத்து, எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்து, கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு வந்த பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். அதை ஒருவரும் குற்றமாக எண்ணவில்லை, பாசம் என்றே எண்ணினார்கள். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அதைக் கேட்ட தேவராசாவும் அப்படித்தான் எண்ணினார்.

ஆனால் இங்கே மறைக்க வேண்டியிருந்தது சும்மா ஒரு பெரியப்பாவை அல்ல. துஷாராவை நேர்முகத்துக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்த ஆளே குலேந்திரன்தான். தேவராசா தன் பங்குக்கு, பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்த வீடுகளுக்கெல்லாம் போன் அடித்து, அவர்கள் என்ன கேட்டார்கள், இவர்கள் என்ன சொன்னார்கள் என்று விசாரித்து, நல்ல பதில்களாகப் பொறுக்கி எழுதி மகளிடம் கொடுத்துப் பாடமாக்க வைத்திருந்தார். ஊரில் ரியூசன் கொட்டிலில் பாடமாக்கியே படித்த மனிதருக்கு வேறு வழி தெரியாது. குலேந்திரன் வேலை முடிந்து வந்து, கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே வீடியோ அழைப்பில் டெனிஷில் கேட்பார்: ஏன் டொக்டராக வர விரும்புகிறாய்? துஷாரா பாடமாக்கியதை ஒப்புவிப்பாள். குலேந்திரன் சோற்றை விழுங்கிவிட்டுத் தமிழில் சொல்வார்: "பொய். திருப்பிச் சொல்லு."

டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவர்கள்தான் இப்படி வடிவாக, தடக்குப்படாமல் கதைப்பார்கள் என்பது அவருடைய அனுபவம். அவள் சிரிப்பாள், கோபிப்பாள், கதவை அடித்துச் சாத்துவாள், அடுத்த நாள் திரும்பவும் சொல்வாள். ஒரு தடவைகூட மாமா 'சரி' என்று சொன்னதில்லை. சொல்ல வைக்காமல் ஓடென்ஸவுக்குப் போகமாட்டேன் என்று அவளும் சபதம் போட்டிருந்தாள். குசினிக்குள் நின்று இதைக் கேட்கிற தேவராசாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். பிள்ளையின் தன்னம்பிக்கையைக் கெடுக்கிறான் பாவி என்று முணுமுணுப்பார்.

இப்போது அந்த அழைப்பு நின்றுபோனது. பஸ் கொம்பனி மாமாவை ஒரு பயிற்சிக்குப் போர்ண்ஹோல்ம் தீவுக்கு அனுப்பியிருக்கிறது, அங்கே சிக்னல் சரியில்லை என்று சொன்னார்கள். ஆடு மட்டும் மேய்கிற தீவிலும் சிக்னல் இருக்கிற நாட்டில் இப்படி ஒரு பொய்யைக் கண்டுபிடித்தது தேவராசாவேதான். தம்பியின் கட்டிலோடு இருப்பதற்காகப் போன சுசீலாதேவி, கொப்பன்ஹேகனில் சிநேகிதியின் மகளுக்குப் பிள்ளைப்பேறு, பத்தியம் சமைக்க ஆளில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அது கொஞ்சம் தரமான பொய். குலேந்திரனின் கைத்தொலைபேசியும் அவளிடம்தான் இருந்தது. துஷாரா 'மாமா, எப்ப வாறீங்கள்' என்று செய்தி அனுப்பினால் சுசீலாதேவி அதற்குப் பெருவிரல் படம் ஒன்றை அனுப்பிவைப்பாள்.

"மாமா ஒருநாளும் பெருவிரல் அனுப்புறேல்லை," என்றாள் துஷாரா ஒருநாள், திரையைப் பார்த்தபடி. தேவராசா காரைப் பூட்டினேனோ தெரியவில்லை என்று எழுந்து போய்விட்டார்.

மாமா இல்லாததால் பயிற்சிக்கு அப்பா உட்கார வேண்டி வந்தது. நேர்முகத்தில் கேள்வி மட்டும் கேட்கமாட்டார்களாம். ஒரு அறையில் நோயாளியாகவோ சொந்தக்காரராகவோ ஒருவர் நடித்துக்கொண்டு இருப்பாராம், அவரோடு எப்படிக் கதைக்கிறாள் என்று பார்ப்பார்களாம். துஷாரா கதிரையை இழுத்துப் போட்டு, அப்பா ஒரு நோயாளியின் மகன் என்றும், தான் டொக்டர் என்றும் சொன்னாள். தாய்க்குப் புற்றுநோய். அதைத் தாய்க்குச் சொல்ல வேண்டாம் என்று மகன் வந்து கெஞ்ச வேண்டும். 

அதுவரை மரக்கட்டை போல நடித்துக்கொண்டிருந்த மனிதர் அன்றைக்கு உயிரைக் கொடுத்து நடித்தார். "சொல்லிப்போடாதேங்கோ டொக்டர். தாங்கமாட்டா," என்றபோது குரல் உண்மையாகவே கம்மியது. துஷாரா பதறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு டெனிஷில், மெதுவாகச் சொன்னாள். உங்கள் அன்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் மறைத்தால், இவ்வளவு பேருக்கு நடுவிலும் அவர் தனியாகிவிடுவார். யாரைப் பார்க்க வேண்டும், யாரோடு என்ன கதைக்க வேண்டும் என்பது அவருடைய நேரம், எங்களுடையது அல்ல.

"தாங்காட்டில்?" என்றார் தேவராசா, நடிப்பை மறந்து.

"தாங்கிறதுக்குத்தானே நாங்கள் பக்கத்தில இருக்கிறம்," என்றாள் அவள் தமிழில். பிறகு, கெட்ட செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு விளக்கினாள். முதலில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். பிறகு சுருக்கமாகச் சொல்ல வேண்டும், சுற்றி வளைக்கக்கூடாது. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் ஒருவருக்கும் வராது என்று சிரித்தாள். தேவராசாவும் சிரித்துவைத்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நேர்முக நாளும் வந்தது. பின்னேரம்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஆனாலும் காலையிலேயே வெளிக்கிட வேண்டும் என்று தேவராசா பிடிவாதமாக நின்றார். மகளின் சட்டைக்கு அவரே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சுசீலாதேவி ஆசுபத்திரியிலிருந்து போன் எடுத்தாள். "விடியலுக்குப் பிறகு மூச்சு வேற மாதிரிக் கிடக்கு. இண்டைக்குத் தாண்டாது எண்டு சொல்லுகினம்," என்றாள். "இன்ரவியூ முடிஞ்ச உடன அப்பிடியே கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுக்கு முதல் வாய் திறக்காதேங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

தேவராசா வாய் திறக்காமல்தான் கார் ஓட்டினார். பாலத்தைக் கடந்து, ஓடென்ஸ இருக்கிற ஃபியூன் தீவில் ஏறியதும் இரண்டு பக்கமும் ராப்ஸ் வயல் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பக்கத்தில் துஷாரா உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏன் டொக்டராக வர விரும்புகிறாய் என்பதற்கான பதில். அவர் எழுதிக் கொடுத்த பதில். இடையில் நிறுத்தி, "மாமாவுக்கு இது பிடிக்காது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவருடைய கை தானாகவே காரைச் சாலையோரத்து ஓய்வுத் தரிப்பிடத்துக்குள் திருப்பியது. இயந்திரத்தை நிறுத்தினார். நெஞ்சு நோகிறதா என்று மகள் பயந்துபோய்க் கேட்டாள்.

"பிள்ளை, மாமாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சொல்லிக் கொடுத்த ஒழுங்கிலேயே தொடங்கியிருக்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"போர்ண்ஹோல்மில நிக்கிறார் எண்டு நீங்கள் சொன்னது தெரியும்."

"அது பொய். மாமாவுக்குக் கான்சர். ஆசுபத்திரியில கிடக்கிறார். இண்டைக்குத் தாண்டாதாம்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். எவ்வளவு கஷ்டம் அது. உன்னுடைய நன்மைக்குத்தான், அம்மாதான் சொன்னாள், எனக்கும் விருப்பமில்லை என்று ஆயிரம் வார்த்தை தொண்டைக்குள் முண்டியடித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, தூரத்தில் லொறிக்காரன் ஒருவன் கோப்பி குடிப்பதையே பார்த்தார்.

"என்னைக் கேட்டவரோ?" என்றாள் துஷாரா.

இந்த ஒரு இடத்தில் அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் யாரும் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். "ஓம். ஒவ்வொரு நாளும் கேட்டவர். நேற்றுப் பின்னேரமும் கேட்டவர்."

"இப்ப?"

"இப்ப கதை இல்லை. மருந்தில கிடக்கிறார்."

அவள் கதவைத் திறந்து இறங்கி, வேலியோரம் போய் நின்றாள். தேவராசா அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கைத்தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள். தாய்க்கு எடுக்கிறாள் என்று நினைத்தார். இல்லை. டெனிஷில் தன் பெயரைச் சொன்னாள். இன்று பின்னேரம் நேர்முகம் இருக்கிறது, என் அம்மாவின் தம்பி சாகக் கிடக்கிறார், என்னால் வர முடியாது என்றாள். ஒரு வருடக் காத்திருப்பு, அதற்கு முந்திய வருடத்து அழுகை எல்லாம் தேவராசாவின் கண்ணுக்கு முன்னால் கரைந்து போவது போல இருந்தது. வேண்டாம் பிள்ளை என்று கத்த நாக்கு எழும்பியது. மறுமுனையில் யாரோ கதைத்தார்கள். அவள் இரண்டு மூன்று தடவை 'யா' என்றாள், நன்றி சொன்னாள், திரும்பி வந்து காரில் ஏறினாள்.

"வெள்ளிக்கிழமை வரட்டாம்."

"என்ன?"

"சுகமில்லாமல் போற ஆக்களுக்கெண்டு வேற நாள் வைச்சிருக்கினமாம். மாமாவுக்காகக் கவலைப்படுறாவாம். கவனமாய்க் கார் ஓடச் சொன்னவ."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

தேவராசாவுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. ஊற்றிய தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற ஒரு அழைப்பு. அவரும் சுசீலாதேவியும், இந்த நாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து வரி கட்டிய இரண்டு பெரிய மனிதர்கள், அதை எடுத்துப் பார்ப்போம் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சோதனைத் திகதி என்றால் அரசாங்கமும் ஆண்டவனும் சேர்ந்து போட்டது. நாட்டை மாற்றலாம், வீட்டை மாற்றலாம், சாவைக்கூட ஒளித்து வைக்கலாம், திகதியை மாற்ற முடியாது. இப்படித்தான் அவர் மண்டைக்குள் இருந்தது. குலேந்திரன் வாய் திறந்து கதைக்கக்கூடிய நாட்கள் எல்லாம் அந்த மண்டைக்குப் பலியாகிவிட்டன.

"என்னட்டை ஏன் கேக்கேல்லை அப்பா?" என்றாள் துஷாரா. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காரை எடுத்தார். ஓடென்ஸவுக்குத் திரும்புகிற பாதை வந்தது, அதைத் தாண்டிப் போனார். இந்த ஊர்ப் பெயரை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பார். இன்றைக்கு அது வந்த மாதிரியே பின்னால் போய்விட்டது. கொப்பன்ஹேகன் பக்கம் போகிற பெரிய கடல் பாலத்தில் காற்று காரை ஆட்டியது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையும் வேகத்துக்குத் தண்டம் கட்டாத மனிதர்.

ஆசுபத்திரி அறை வாசலில் சுசீலாதேவி இவர்களைக் கண்டு திடுக்கிட்டு, முதலில் சுவர் மணிக்கூட்டைத்தான் பார்த்தாள். "இன்ரவியூ?" என்றாள். துஷாரா தாயைத் தாண்டி உள்ளே போனாள்.

குலேந்திரன் பாதி மூடிய கண்ணோடு கிடந்தார். மூச்சு ஒன்று வந்து, அடுத்தது வருமா என்று பார்த்திருக்க வைத்து, பிறகு வந்தது. துஷாரா கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். அவர் கேட்கமாட்டார் என்பதால் அவளே கேட்டாள், டெனிஷில், அவர் இழுத்து இழுத்துக் கேட்கிற மாதிரியே: ஏன் டொக்டராக வர விரும்புகிறாய்? பிறகு தமிழுக்கு வந்தாள்.

"முந்திச் சொன்னதெல்லாம் அப்பா எழுதித் தந்தது, மாமா. நீங்கள் சொன்னது சரி, எல்லாம் பொய்தான். இப்ப கேளுங்கோ." கொஞ்சம் தடக்கினாள். தமிழில் சொல் தேடினாள். "ஒராளைக் கதவுக்கு வெளியில விட்டிட்டு மற்ற ஆக்கள் உள்ளுக்க இருந்து அழக்கூடாது. நான் போற இடத்தில அப்பிடி நடக்க விடமாட்டன். அதுக்குத்தான்."

கதவடியில் நின்ற தேவராசா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். குசினிக்குள் நின்று எத்தனை நாள் திட்டித் தீர்த்த சொல், பொய் என்ற அந்த ஒரு சொல், இப்போது குலேந்திரனின் வாயிலிருந்து வந்துவிடாதா என்று ஏங்கினார். பொய் என்றே சொல்லட்டும். என்னத்தையாவது சொல்லட்டும்.

துஷாரா குனிந்து மாமாவின் வாயோடு காதை வைத்துக் காத்திருந்தாள். மூச்சு போனது, வந்தது. பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருடைய கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சரி," என்றாள். "திருப்பிச் சொல்லுறன்."