பனியில் செத்த நரம்பு

பின்வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் சிமென்ட் தரையில் ரத்தம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. செண்பகம் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அந்தத் தடத்தின் பின்னாலேயே போனாள். உள்ளே அவள் புருஷன் பூவராகவன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வலது குதிகாலில் உடைந்த நத்தை ஓடு ஒன்று பாதி இறங்கி நின்றது.

"இன்னாங்க, வலிக்கலியா?"

குனிந்து பார்த்தான். "வயல்ல இறங்கும்போது ஏறியிருக்கும்" என்றான், யாருடைய காலையோ பார்ப்பது போல.

பொன்னேரி வட்டாரத்து ஆரணிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெல் நிலம் உள்ள குடும்பம். மீசை அரும்பிய வயதில் பட்டாளத்துக்குப் போனவன் பூவராகவன். வடக்கே ஒரு பனிமலைக் காவலில் இருந்தபோது புயல் அடித்து வழி அடைபட்டுப்போனது. ஈர பூட்ஸோடு நாள்கணக்கில் நின்றார்கள். ஹெலிகாப்டர் வந்து இறக்கியபோது பாதம் கறுத்திருந்தது. விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். நரம்புக்கு மட்டும் உயிர் திரும்பவில்லை. அதோடேயே மிச்ச சர்வீஸையும் முடித்துவிட்டு ஊர் திரும்பினான்.

ஓய்வு பெறும்போது பார்த்த மருத்துவக் குழு, நரம்பு கெட்டது சர்க்கரையால், பணியால் அல்ல என்று முடிவு செய்தது. சர்க்கரை வந்ததோ பனிக்குப் பல வருஷம் கழித்து. ஊனத்துக்கான பென்ஷன் இல்லை. மேல்முறையீடு செய்தான், தள்ளுபடி. அதற்கும் மேலே போனான், அதுவும் தள்ளுபடி. கடைசியில் சென்னையில் அருணா என்ற வக்கீலம்மாவைப் பிடித்து ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அங்கேதான், புதிதாக ஒரு மருத்துவக் குழு அவனைப் பார்க்கட்டும் என்று உத்தரவு கிடைத்தது.

அதற்குள் கும்மிடிப்பூண்டியில் பார்த்த செக்யூரிட்டி வேலையும் போயிருந்தது. ஒரு இரும்புக் கம்பெனியின் கேட்டில் நின்றவன், உலையிலிருந்து கொட்டிய, சூடு ஆறாத கசடின் மேல் கால் வைத்துவிட்டான். செருப்பு கருகும் நாற்றம் மற்றவர்களுக்கு வந்தது. அவனுக்குத் தெரியவில்லை. "வேணாம் பூவராகவன், உனக்கு இன்னாவது ஆச்சுன்னா எங்களுக்கு பேஜாரு" என்று நல்லபடியாகவே சொல்லி அனுப்பினார்கள். இப்போது அதே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பிஸ்கட் பேக்கிங் வேலைக்குச் செண்பகம் போகிறாள்.

மருத்துவக் குழு கூடிய அன்று, பொன்னேரியில் ரயில் ஏறி இருவரும் சென்னை ராணுவ மருத்துவமனைக்குப் போனார்கள். வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "கூட்டியும் சொல்லாதீங்க, கொறச்சும் சொல்லாதீங்க. இருக்கறத சொல்லுங்க, போதும்."

"சரி செண்பகம், சரி."

அறை வாசலில் திரைச்சீலை பாதிதான் மூடியிருந்தது. வெளியே பெஞ்சிலிருந்து அவளுக்கு எல்லாம் தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு கர்னல். அவரைப் பார்த்ததுமே பூவராகவனின் முதுகு நிமிர்ந்தது. குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன. நடந்து காட்டச் சொன்னார்கள். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன், தரையை முறைத்தபடி அணிவகுப்பில் போவது போல் நேராக நடந்தான். செண்பகம் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

பிறகு படுக்க வைத்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் ஊசியை எடுத்தார். "கண்ண மூடிக்கங்க. குத்துறது தெரிஞ்சா சொல்லுங்க."

பெருவிரலில் குத்தினார்.

"யெஸ் சார்."

பாதத்தில் குத்தினார்.

"யெஸ் சார்."

குத்தாமல் சும்மா கையை நீட்டியபோதும் "யெஸ் சார்" என்றான். டாக்டர் ஒரு நொடி தயங்கிவிட்டு மேலே நகர்ந்தார்.

செண்பகம் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்! நத்தை ஓடு ஏறினதே தெரியல. சும்மா சொல்றாரு சார்!"

பூவராகவன் கண்ணைத் திறந்தான். முகம் சிவந்துவிட்டது. "நீ வெளில போ" என்றான்.

கர்னல் கோபப்படவில்லை. "அம்மா, அவரோட கால் பத்தி அவர்தான் சொல்லணும். நாங்க வேற யாரைக் கேக்க முடியும்?" என்றார்.

ஒரு ஆயா வந்து அவள் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனாள்.

திரும்பும் ரயிலில் மீஞ்சூர் தாண்டியதும் அவள் கேட்டாள். "ஏங்க அப்டி சொன்னீங்க?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரிஞ்சாப்லதான் இருந்துச்சு செண்பகம். ஆபீசர் எதிர்ல உக்காந்துகினு தெரியுதான்னு கேட்டா... தெரியலன்னு ஒரு நாளும் நான் சொன்னதில்ல." அவள் பக்கம் திரும்பி, "நெசமாவே தெரிஞ்சாப்ல இருந்துச்சு" என்றான்.

கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் வக்கீலம்மா போன் செய்தாள். செண்பகம் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நரம்பு செத்துட்டத டெஸ்ட்டு மெஷின் தெளிவா காட்டியிருக்கு. பனியாலதான்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா நடை நல்லா இருக்கு, உணர்ச்சி இருக்குன்னு எழுதி, ஊனம் இருபது சதவீதத்துக்குக் கீழன்னு போட்டுட்டாங்க. இவர் சர்வீஸ் முடிச்சு வந்தவர். அப்படி வந்தவங்களுக்கு இருபது இல்லாம பென்ஷன் வராதும்மா."

"மறுபடி கேக்க முடியாதா?"

"கேக்கலாம். வருஷமாகும். திரும்பக் குழு போட்டாலும் அதே ஊசிதான், அதே கேள்விதான்."

செண்பகம் போனைக் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்றவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கடைசியில் சொன்ன பென்ஷன் விஷயத்தை அவன் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"பனியாலதான்னு ஒத்துக்கினாங்களா? அப்டியே சொன்னாங்களா?"

"ஆமா."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னாள். அவன் கண்கள் நிறைந்துவிட்டன. உடனே போனை எடுத்து, அந்தப் பனியில் கூட நின்ற வேலூர்க்காரன் பார்த்திபனைக் கூப்பிட்டான். "டேய், ஒத்துக்கினாங்கடா! நம்ம சர்வீஸ்லதான்னு ஒத்துக்கினாங்கடா!" வீடே அதிரச் சிரித்தான்.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. செண்பகம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். பென்ஷன் இல்லை என்பதை அவனுக்கு இன்னொரு முறை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், படி இறங்கிப் போனாள்.