சூட்டோடு கட்டிய பன்

மூத்தவளுக்குப் பன் வாங்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பேக்கரிக்காரரை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. சப்மரின் சாண்ட்விச்சுக்கு நீள பன் வேண்டும், தோல் மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்க வேண்டும், இனிக்கவே கூடாது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, அப்போதுதான் வெந்து இறங்கியதாகப் பொறுக்கினாள். அதுவரைக்கும் சரிதான். ஆறிவிடப் போகிறதே என்று பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

வீட்டில் பையைப் பிரித்தால் உள்ளே ஒரே ஈரம். தோலெல்லாம் நமுத்து, கத்தி வைத்ததும் பன் நசுங்கியது. ஓர் அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டுக்கு முதல் ஆர்டர் அது. பிடித்துப்போனால் தினமும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். கணவர் கால் முறிந்து படுத்திருக்கிற வீட்டுக்கு அதை விட்டால் வேறு கதியில்லை.

கீழ்வீட்டில் ஓவன் இருந்தது. கொழுந்தன் மனைவியான இளைய ஓரகத்தியின் ஓவன். அது வந்து இறங்கிய அன்று, அடுப்பே பற்றவைக்கத் தெரியாதவளுக்கு ஓவன் ஒரு கேடா என்று நாலு பேர் முன்னால் கேட்டவள் இவள்தான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? போனாள். வேறென்ன செய்வாள்.

கதவு திறந்தே கிடந்தது. இளையவள் பையை வாங்கிக்கொண்டாள். பன்களைத் தட்டில் இடம்விட்டு அடுக்கி உள்ளே தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் தோல் மறுபடி மொறுமொறுத்தது. ஆறவிட்டு, இருவருமாகப் பக்கவாட்டில் கீறினார்கள். பின்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிக்கும்போது உள்ளே வைத்ததெல்லாம் மடியில் கொட்டும். காய்களின் சாறு பன்னில் ஊறாமலிருக்க விளிம்புவரை வெண்ணெய் தடவினார்கள்.

அப்போதுதான் மூத்தவளுக்கு உறைத்தது. தட்டை வைக்கும்போதே ஓவன் சுடச்சுட இருந்ததே, யாருக்காக என்று கேட்டாள்.

இளையவள் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க சூட்டோட கட்டித் தூக்கிட்டுப் படியேறும்போதே பாத்தேன்க்கா. நமுத்துரும்னு தெரியும், சொல்லத்தான் வாய் வரல. அதான் ஓவனப் போட்டு வச்சேன்."

"நான் வராமப் போயிருந்தா?"

"நானே மேல வரலாம்னுதான் கதவத் திறந்து வச்சிருந்தேன்."

மூத்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லா இரும்மா என்றாள்.

சாயங்காலம் தினசரி ஆர்டரோடு திரும்பினாள். மாடியில் கணவர் காத்திருந்தார். அவள் கீழ்வீட்டு வாசலிலேயே நின்று, அன்றைக்குக் கேட்ட அதே நாலு பேர் காதிலும் விழட்டும் என்று உரக்கச் சொன்னாள்: "இவ ஓவன் மட்டும் இல்லன்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது."