ஒரு முஷ்டி உயரம்

நீட்டிய கையின் நுனியில் மடக்கிய முஷ்டி, அதன் அடிவிளிம்பு கரைவிளக்குகளைத் தொட, வடக்கில் ஒற்றையாக மினுங்கிய விண்மீன் முஷ்டிக்குள் மறைந்துபோகிறது, கையை எடுத்தால் அங்கேயே இருக்கிறது, பாத்தியா பிரிஜித்தா, மத்த வெள்ளியெல்லாம் ஓடும், இது நிக்கும், இதுக்குக் கீழதான் நம்ம வீடு கெடக்கு என்கிறான் சேசடிமை, கல்யாணமான மூன்றாம் வாரம், அம்மா ஏசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் புதுப்பெண்டாட்டியை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிவந்திருக்கிறான், ஒங்க கை பெரிசு, எனக்க கைக்கு அடங்குமா என்று அவள் சீண்டுகிறாள், நீட்டிப் பார்க்கிறாள், அடங்குகிறது, சின்ன முஷ்டிக்குக் கை நீளமும் சின்னது, கணக்கு ஒண்ணுதான் என்று அவன் சிரிக்க வள்ளம் ஆடுகிறது, ஆடாம பிடி பிரிஜித்தா என்கிறது வேறொரு குரல், வள்ளம் எங்கே, இது மகளிர் கல்லூரி மொட்டைமாடி, அவள் இயற்பியல் ஆய்வக உதவியாளர், கையில் டார்ச், குரல் பேராசிரியை கோகிலவாணியுடையது.

புதுத் தொலைநோக்கி வந்து பதினோரு நாள், தூக்குவதும் துடைப்பதும் டார்ச் பிடிப்பதும் அவள் பாடு, திருகுகளைத் தொடுவது மேடம் மட்டும், மேடம் கெட்டிக்காரிதான், ஆனால் சனிக்கிரகம் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை, கிரகத்தின் பின்னாலேயே குழாயைத் திருப்பும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்வை வட்டத்தின் ஓரமாக நழுவிவிடுகிறது, ஏழு மணிக்குக் கல்லூரி முதல்வர் வருகிறார், இன்றும் நிற்காவிட்டால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார், பார்க்க வந்த மாணவிகள் படிக்கட்டுவரை நிற்கிறார்கள், மேடம் மறுபடியும் புத்தகத்தைப் பிரிக்கிறார், தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமாம், படத்தில் அச்சு அண்ணாந்து நிற்கிறது, இங்கேயும் அச்சுப்பிசகாமல் அப்படியே அண்ணாந்து நிற்கிறது, பிரிஜித்தா அது காட்டும் இடத்தைப் பார்க்கிறாள், அங்கே ஒன்றுமில்லை, கை தானாக நீள்கிறது, முஷ்டி மடங்குகிறது, அதோ எவ்வளவோ கீழே, தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில், முஷ்டிக்குள் மறைகிற அதே வெள்ளி.

மேடம், இது வேற தேசத்துப் படம், அங்க அந்த வெள்ளி ஒசரத்துல நிக்கும்போல, நம்ம ஊர்ல ஒரு முஷ்டிதான், என்று சொல்லியேவிட்டாள். உனக்குத் தெரியுமாக்கும் என்றது மேடத்தின் வாய், கண் மட்டும் அவள் கையின் வழியே வடக்கே போனது, புத்தகத்துக்குத் திரும்பியது, மறுபடி வடக்கே போனது, பிறகு ஸ்பானரை நீட்டினார், நீயே இறக்கு.

போல்ட் தளர்ந்தது, அச்சு மெல்லத் தாழ்ந்து வெள்ளியைப் பார்த்தது, சனியைத் தேடிப் பிடித்தார்கள், வளையத்தோடு வந்து நின்றது, நின்றுகொண்டே இருந்தது. முதல்வர் குனிந்தவர் நிமிரவில்லை, ஐயோ அசையவே இல்லையே, யாரு சரிபண்ணினது என்றார், மேடம் ஒரு நொடி தயங்கினார், பிரிஜித்தா என்றார், அவள் நெஞ்சு விம்மிற்று, பெருமைதான், அதை எதற்கு மறைக்க வேண்டும், எப்படிம்மா கண்டுபிடிச்சே என்கிறார் முதல்வர், கைய நீட்டுங்க மேடம், முஷ்டியப் பிடிங்க, பொன்வளையல்கள் முழங்கைக்குச் சரிய முதல்வர் நீட்டுகிறார், கோகிலவாணி நீட்டுகிறார், படிக்கட்டுவரை பிள்ளைகள் எல்லாரும் நீட்டுகிறார்கள், வடக்கைப் பார்த்து நாற்பது ஐம்பது முஷ்டிகள், அத்தனைக்குள்ளும் அவள் வீடு.