ஆட்சேபணை இல்லை

வழக்கை மாற்றக் கேட்டு அவள் போட்ட மனு மூன்றே நிமிடத்தில் முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “ஆட்சேபணை இல்லை” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கணவன் தன் ஊரில் போட்ட விவாகரத்து வழக்கு, பதினோரு மணி நேர பஸ் பயணத்துக்கு இந்தப் பக்கம், அவள் பிழைக்கும் ஊர் கோர்ட்டுக்கே மாற்றலாகிவிட்டது.

வக்கீலம்மாவுக்கு வாயெல்லாம் பல். “இனிமே வாய்தாவுக்கு வாய்தா குழந்தையைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்மா. மாஞ்சு மாஞ்சு தயார் பண்ணிட்டு வந்தேன், எனக்கு வேலையே வைக்கல!”

அவளுக்கோ சந்தோஷப்படத் தோன்றவில்லை. ஏழு வருடக் குடித்தனத்தில் அவன் எதற்குமே சரி என்று சொன்னதில்லை. ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்தால்கூட எழுந்து வந்து குறைக்கிற ஆள். அந்த மகராசன் ஒரு வழக்கையே தூக்கிக் கொடுக்கிறான் என்றால் சும்மாவா?

“அவர் ஏன் மேடம் வரல?”

“வக்கீல் வந்தா போதும்மா. வந்திருந்தா மட்டும் உங்களுக்குப் பிடிக்கவா போகுது?”

காலையில் வராந்தாவில் அவனைக் காணோம் என்றதும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவள்தான் அவள். இப்போது அவன் எங்கே இருப்பான் என்று நினைக்கவே பயமாக இருந்தது. வழக்குக் கட்டை வாங்கிப் புரட்டினாள். அவள் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வக்கீல் அலுவலக முகவரி இருந்தது. மூன்று தடவை சொல்லிப் போட வைத்தது. ஊர் தெரிந்தால் தெரியட்டும், இத்தனை பெரிய ஊரில் எங்கே வந்து தேடுவான் என்ற தைரியம்.

நாலாவது இணைப்பில் கை நின்றது. குழந்தை இந்த ஊரில் படிக்கிறாள் என்பதற்குச் சான்றிதழ். இரண்டாம் வகுப்பு, பி பிரிவு. தலைப்பில் பள்ளிக்கூடத்தின் பெயர், தெரு, ஃபோன் நம்பர். வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவளே போய் வாங்கி வந்த காகிதம்.

“மேடம், இது அவருக்கும் போச்சா?”

“நகல் கொடுக்காம எப்படிம்மா? போன மாசமே போயாச்சே.”

பள்ளிக்கூடத்து ஃபோனை யாரும் எடுக்கவில்லை. ஆட்டோவில் வழி நெடுக அடித்துக்கொண்டே இருந்தாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பள்ளி விட்டிருந்தது. கேட்டுக்குள் வாட்ச்மேன் பக்கத்தில் புத்தகப்பையோடு சிட்டு நின்றிருந்தாள். ஓடிப்போய் வாரி அணைத்துக்கொண்டதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

“பயந்துட்டியா?”

பின்னால் அவன். கையில் ஒரு புதுச் சாவி.

“குழந்தையை நான் தொடக்கூட இல்ல, வாட்ச்மேனையே கேட்டுக்கோ. கேஸ் இங்க வந்தாச்சு, நான் மட்டும் எத்தனை தடவை பஸ்ல அலையறது? எதிர் மாடியை வாடகைக்கு எடுத்துட்டேன். ஜன்னலைத் திறந்தா ஸ்கூல் கேட்டு.” சிரித்தான். “உன் வசதிதானே எனக்கும் முக்கியம்.”

அவளும் குழந்தையும் தங்கியிருக்கும் அக்கா வீடு இடது பக்கம், நாலாவது தெரு. சிட்டுவின் கையைப் பிடித்து வலது பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.

பத்தடிகூடப் போகவில்லை, குழந்தை நின்று கையை நீட்டியது.

“அம்மா, பெரியம்மா வீடு அந்தப் பக்கம்ல இருக்கு?”

சிட்டு விரல் நீட்டிய பக்கம் அவன் திரும்பிப் பார்த்தான்.