பன்றி வீட்டுக் கிட்டியின் பாறை

அயர்லாந்தின் பேரா பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு ஓ'சல்லிவன் மேல்தான் விழ வேண்டும். அதனால் ஆளைப் பிரித்துச் சொல்ல அங்கே வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர். இப்போது அத்தனை ஓ'சல்லிவன்களும் தூரிகை வேறு பிடித்துத் தொலைத்துவிட்டார்கள். வரைவதென்னவோ கடலுக்குள் நிற்கும் அந்த ஒரே பாறையைத்தான். போதாக்குறைக்கு ஊர் மண்டபத்தில் கண்காட்சி.

கிட்டிக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே குமட்டும். அதிலும் துறைமுகத்துக் கிட்டியை. பேரும் ஒன்று, பாறையும் ஒன்று. ஆனால் அவள் பாறைமேல் ஆட்டுக்குட்டி துள்ளும், வானவில் பல்லிளிக்கும். நம் கிட்டியோ மழையில் ஊறிக்கொண்டே கரையில் நின்று, அந்தக் கல்லின் கறுப்பைப் பிடிப்பதற்குள் செத்துப் பிழைத்தாள். கண்ணுள்ள ஒருவராவது அதைப் பார்த்து, 'இது கிட்டியின் படம்' என்று சொல்லிவிட வேண்டும். டப்ளினிலிருந்து நடுவர் வருகிறார் என்றதும் முதல் ஆளாகப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

காலையில் மண்டபத்துக்குப் போனால், படத்தின் கீழே அட்டை: 'பன்றி வீட்டுக் கிட்டி ஓ'சல்லிவன்.'

"டோனல்! கிழிய்யா அதை!"

கண்காட்சியை நடத்தும் தபால் வீட்டு டோனல் அசரவில்லை. "உங்க தாத்தா பன்னி வித்தவருதானே? ஊரே அப்படித்தானே கூப்பிடுது?"

"டப்ளின்காரி முன்னாடி நான் பன்னியா நிக்கணுமா? வெறும் கிட்டி ஓ'சல்லிவன்னு எழுது."

"எழுதிர்றேன் தாயே. அப்புறம் எங்கிட்ட வந்து அழாத."

மாலையில் நடுவர் அம்மாள் மேடையேறினார். "முதல் பரிசு, கிட்டி ஓ'சல்லிவன் வரைந்த பாறைக்கு."

டீ மேஜையருகே நின்ற கிட்டி கோப்பையை வைப்பதற்குள் துறைமுகத்துக் கிட்டி மேடையில் இருந்தாள். வெட்கங்கெட்டவள்! பரிசுக் கிண்ணத்தை மார்போடு அணைத்து, "அந்த வானவில்லைப் பிடிக்கிறதுக்குள்ள நான் பட்ட பாடு..." என்று கண்ணைத் துடைத்தாள். மண்டபம் கைதட்டியது.

"வானவில்லா?" நடுவர் முகம் சுருங்கியது. "நான் சொன்னது அந்தக் கறுப்புப் பாறைங்க. அது யாரோடது?"

அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் டோனலைப் பார்த்தார்கள். டோனல் கையைக் கட்டிக்கொண்டு, "அந்தப் பேரைச் சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவுங்க" என்றான்.

"என்னோடது!" என்று கத்தினாள் கிட்டி.

"நீங்க யாரு?"

"கிட்டி ஓ'சல்லிவன்."

"இவங்களும் கிட்டி ஓ'சல்லிவன்னுதானே வந்து நிக்கிறாங்க? நீங்க எந்தக் கிட்டி?"

மேடையில் இருந்தவள் இளித்தாள். கிண்ணத்தை விடுவதாக இல்லை. பாறையா, மானமா என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

"பன்னி வீட்டுக் கிட்டிங்க! அந்தப் பாறை பன்னி வீட்டுக் கிட்டியோடது!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர் மட்டும் சிரிக்காமல் பேனாவை எடுத்தார். "பத்திரிகைக்கு எழுதணும். பன்னியைப் பேருக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?"

"முன்னாடிதான்" என்றாள் கிட்டி. மேடையேறி, துறைமுகத்துக் கிட்டியின் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.