செண்பகவல்லியின் வருகைப் பதிவு

மார்க்‌ஷீட் வந்திருக்கும் என்று நினைத்துத்தான் செண்பகவல்லி அந்த மெயிலைத் திறந்தாள். திறந்ததும் கண்ணில் பட்டது அவளுடைய மாமியாரின் முகம்.

பேச்சியம்மாள் வாய் நிறைய வெற்றிலையோடு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, போனுக்குள்ளிருந்து மருமகளை உற்றுப் பார்த்தாள். அதற்குக் கீழே பக்கத்து வீட்டு ருக்சானா, தலையை விரித்துப்போட்டுக்கொண்டு கையில் சீப்போடு. அதற்கும் கீழே கொழுந்தன் தமிழ்செல்வன், சட்டையில்லாமல், கொட்டாவி விட்டபடி. விரலால் தள்ளத் தள்ள முகங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் தேதி, மணி, அவளுடைய பதிவு எண். மும்பை ஆண்டாப் ஹில்லில் அவள் ஆயாவாக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

படங்களுக்கு மேலே நான்கு வரி இருந்தது. வகுப்புகளில் ஆள்மாறாட்டம் நடந்ததாகத் தெரிகிறது. உங்கள் இறுதியாண்டு முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வீடியோவில் விசாரணை. வரத் தவறினால் பதிவு ரத்து.

ஆள்மாறாட்டமா? செண்பகவல்லிக்கு அந்த வார்த்தை தேர்தல் சமயத்தில் மட்டும் காதில் விழுந்த வார்த்தை. தன் பெயருக்குப் பக்கத்தில் அது வந்து உட்காரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

எட்டு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, கால் கழுவிவிட்டு, டீச்சர் வராத நாட்களில் பாட்டும் கணக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். மாட்டுங்காவிலிருந்து வரும் பிரின்சிபால் பாகீரதி டீச்சர் அதைக் கவனிக்காமல் இல்லை. எல்.கே.ஜி. டீச்சர் வேலையை விடப்போகிறாள் என்று தெரிந்ததும் இவளைத்தான் கூப்பிட்டாள்.

"நீ நன்னாவே கிளாஸ் எடுக்கறே. ஆனா டிகிரி இல்லாம டீச்சர்னு உன்னை நான் போட முடியாது. ஜூன் பத்துக்குள்ள மார்க்‌ஷீட்டைக் கொண்டு வா, இடம் உனக்குத்தான். அதுக்கு மேல என்னால வெயிட் பண்ண முடியாது."

ஜூன் பத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

ஆன்லைன் பி.ஏ. படிப்பில் முதல் இரண்டு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. பாடமெல்லாம் வீடியோவாகக் கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்றாம் வருடத்தில்தான் வந்தது வினை. தினமும் காலை பதினொன்றுக்கும் மாலை மூன்றரைக்கும் நேரடி வகுப்பு. நூற்றுக்கு எழுபத்தைந்து வருகைப் பதிவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று விதி மாறியது. புது விதிகள் இருபத்திரண்டு பக்கம். அவள் அதைப் பஸ்ஸில் நின்றுகொண்டே தள்ளித் தள்ளிக் கீழே போய், 'படித்தேன், சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். விதிகள் என்றால் கீழே போய் டிக் போடுவதற்கு என்றுதான் உலகமே நினைத்துக்கொண்டிருக்கிறது, இவளை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய?

இரண்டு வகுப்பும் பள்ளிக்கூட நேரத்தில். வேலையை விட்டால் சோறு இல்லை, வகுப்பை விட்டால் பட்டம் இல்லை. அன்று சாயங்காலம் அவள் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்ட பேச்சியம்மாள் சிரித்தே விட்டாள்.

"இதுக்கா இப்பிடி உக்காந்திருக்க? போனை வச்சிட்டுப் போ. நாங்க ஆளுக்குக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டாப் போச்சு."

தாராவியில் அவர்கள் சந்தில் அது ஒரு பெரிய விஷயமே அல்ல. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வேலைக்குப் போனவள் வீட்டுக் குடமும் வரிசையில் நிற்கும். யாராவது நிரப்பி வாசலில் வைத்துவிடுவார்கள். ரேஷன் கடையில் பை நிற்கும், டாக்டர் வீட்டில் செருப்பு நிற்கும். ஆள் வந்து நிற்கவேண்டும் என்று அங்கே யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி நிற்பது உதவி. அதைத் தப்பு என்று சொன்னால் சொன்னவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அதன்படி போன் வீட்டில் தங்கியது. வகுப்பு நடக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை திரையில் பச்சைக் கட்டம் வரும். அதைத் தொட்டால் ஆள் இருக்கிறது என்று கணக்கு, தொடாவிட்டால் வெளியே தள்ளிவிடும். காலை வகுப்பு பேச்சியம்மாளுக்கு. மாலை வகுப்பு ருக்சானாவுக்கு. அவர்களுக்கு வேலை இருந்தால் தமிழ்செல்வன், அவனும் இல்லாவிட்டால் ரீசார்ஜ் கடை சிராஜ். செண்பகவல்லி ஏய்த்துத் திரிந்தவள் அல்ல. வேலை முடிந்து வந்ததும் அன்றைய வகுப்பின் பதிவைப் போட்டு, அடுப்பில் உலை கொதிக்கும்போதே கேட்டு, நோட்டு நோட்டாக எழுதிப் படித்தாள். பரீட்சையைச் செம்பூர் மையத்துக்குப் போய்த் தன் கையால் எழுதினாள். அதனால்தான் அவளுக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை.

பச்சைக் கட்டத்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும் போன் எதிரே இருப்பவரைப் படம் எடுக்கும் என்று பதினாலாம் பக்கத்தில் எழுதியிருந்தது. அதை அவள் இப்போதுதான் படித்தாள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டாள். கணவன் மாரிக்கண்ணன் தோல் பட்டறைக்குப் போயிருந்தான். மாமியாரிடம், "சும்மா ஏதோ கேக்காவளாம் அத்த, நீங்க செத்த வெளிய இருங்க" என்று மட்டும் சொல்லிவைத்தாள். முகங்கள் வந்த விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஒரு வருடம் ஒருநாள் தவறாமல் உட்கார்ந்தவர்களிடம் போய், உங்கள் படம் குற்றவாளிப் படமாக வந்திருக்கிறது என்றா சொல்வது?

திரையில் வந்தவர் வேங்கடசுப்ரமணியன் என்ற பல்கலைக்கழக அதிகாரி. கண்ணாடி போட்ட, அறுபதை நெருங்கும் மனிதர். அவள் பெயரைப் பார்த்துவிட்டு அவரே தமிழில் ஆரம்பித்தது அவளுக்குப் பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது.

"மொத்தம் அறுநூத்தி நாப்பது போட்டோ. அதுல உங்க முகம் முப்பத்தெட்டுல இருக்கு. அதுவும் லீவு நாள்ல. மீதி அறுநூத்தி ரெண்டு யாரும்மா?"

"வீட்டு ஆளுங்க சார்."

"பரீட்சையில அறுபத்தெட்டு பர்சென்ட். சென்டர்ல எழுதினது நீங்கதான், அதுல சந்தேகம் இல்லை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் சற்றுத் தாழ்ந்தது. "எங்க ஆத்துலயும் ஒரு போனை நாலு பேர் பார்த்த காலம் உண்டு. சின்ன வீடா இருந்தா போன் யார் கையிலயாவது இருக்கும், நீங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டுண்டிருப்பேள். கேமராவுல விழுந்திருக்க மாட்டேள். அப்படித்தானா? அப்படின்னா எச்சரிக்கை பண்ணி விடறதுக்கு விதி இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்கோ."

செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது. மனுஷன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. அது பொய்தான். அந்தப் பொய்யைச் சொல்லவும் அவள் துணிந்துவிட்டாள். எல்.கே.ஜி. வகுப்பின் சின்ன நாற்காலிகள் கண் முன்னால் வந்தன.

"ஆமா சா..."

"எவ சொன்னா?"

கதவு திறந்திருந்தது. பேச்சியம்மாள் உள்ளே வந்து போனுக்கு முன்னால் குனிந்தாள். ஏதோ விசாரணை, மருமகள் வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை என்று புகார் என்ற அளவுக்கு வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடியுமா?

"சார், அவ பக்கத்துல எங்க இருந்தா? அவ ஸ்கூல்ல இருந்தா, பாவம். நான்லா உக்காந்தேன்! ஒருநா விடல்ல சார். காச்சல்லகூட போர்வையப் பொத்திக்கிட்டு உக்காந்து பச்சைய அமுக்குனேன். வேணும்னா போட்டோ பாருங்க."

"அத்த!" என்றாள் செண்பகவல்லி.

அதிகாரியின் முகம் வெளிறிவிட்டது. "அம்மா, நீங்க பேசறது எல்லாம் ரெக்கார்ட் ஆறது."

"ஆவட்டும் சார், நல்லா ஆவட்டும்! எங்க ஏரியாவுல யார வேணும்னாலும் கேளுங்க. ஏ ருக்சானா, இங்க வா!"

ருக்சானா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். "ஹான் சாப், மே பி பைட்டீ தீ, நானும் உக்காந்தேன். சாயங்கால டைம் ஃபுல்லா நான்தான். செண்பகவல்லி பாபி ரொம்ப நல்லவ சாப், பாஸ் பண்ணிடுங்க."

வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். இறுதியாண்டு ரத்து. வேண்டுமானால் அடுத்த வருடம் இறுதியாண்டில் மறுபடி சேரலாம், ஒவ்வொரு வகுப்பிலும் அவளே உட்கார வேண்டும். இன்னொரு முகம் விழுந்தால் நிரந்தரத் தடை. "சாரிம்மா" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அதனால் என்ன ஆகப்போகிறது?

திரை கறுத்ததும் பேச்சியம்மாள் தொடையைத் தட்டிக்கொண்டு கேட்டாள்.

"என்னட்டி, பாஸ்தானே? நறுக்குன்னு சொன்னேம்லா?"

கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் செண்பகவல்லி மாமியார் முன்னால் குரலை உயர்த்தியது கிடையாது. அன்று கத்தினாள்.

"போச்சு! எல்லாம் போச்சு! டீச்சர் வேலையும் போச்சு. நீங்க உக்காந்ததுனாலதான் போச்சு!"

சந்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக விலகின. "யா அல்லா" என்று ருக்சானா வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சியம்மாள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். மருமகள் அழுதழுது பதினாலாம் பக்கத்தைச் சொல்லி முடிக்கும்வரை அப்படியே நின்றாள். கடைசியில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஏன், எங்க மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்ல அத்த. என் மூஞ்சிதான் இருக்கணுமாம்."

"இன்னும் ஒரு வருசத்துக்கா?"

"ஆமா."

"காலையில பதினோரு மணிக்கும், மூணரைக்கும்?"

"ஆமா."

"அப்ப வேலைக்கு?"

செண்பகவல்லி போனைக் கவிழ்த்து வைத்தாள். கத்தியதற்காக வெட்கமும், கத்தாமல் இருந்திருக்க முடியாது என்ற கோபமும் ஒன்றாக வந்தன. பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு முட்டியும் வீங்கிப்போய், ஒரு படி ஏறினால் நாலு தடவை நிற்கிறவள்.

"ஏட்டி, அங்க போட்டோ புடிப்பாவளா?"

"எங்க?"

"நீ வேலை பாக்க ஸ்கூல்ல. புள்ளையளுக்குக் கால் கழுவி விடுதவள, கக்கூசு கழுவுதவள, எவனாவது போட்டோ புடிச்சு இவதானான்னு பாப்பானா?"

செண்பகவல்லிக்கு அவள் எங்கே போகிறாள் என்று புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் அழுகை நின்றுவிட்டது.

"அத்த, அங்க மூணு மாடி."

"மூணு மாடின்னா மூணு மாடி. ஏறிக்கிடலாம். நீ இங்க உக்காந்து உன் மூஞ்சியக் காட்டு. உங்க டீச்சரம்மாகிட்ட நாளைக்கே என்னையக் கூட்டிட்டுப் போ. திருட்டுத்தனமாப் போவ மாட்டேன், சொல்லிட்டே போறேன்."

செண்பகவல்லி மாமியாரைப் பார்த்தாள். அறுபத்தோரு வயது. பேச்சியம்மாள் அதற்குள் கொடியிலிருந்த நல்ல சேலையைக் கீழே இழுத்து, மடிப்பு கலையாமல் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

"ஆண்டாப் ஹில்லுக்கு எந்த பஸ்சுட்டி?" என்று கேட்டாள்.