சம்மதமானால் பேசாமல் இருங்கள்

1

புத்தரின் பேச்சை ஒப்பிப்பவர்கள், காதால் கேட்டதாகச் சொல்லித்தான் தொடங்குவார்கள். நான் எதையும் கேட்கவில்லை. ராஜகிருகத்தில் பாதி ஆயுளைக் கழித்தாயிற்று. புத்தர் மறைந்த பின் பிக்குகள் கூடி அவர் பேச்சைத் தொகுத்ததாகச் சொல்லும் குகைக்கு எப்போது ஏறினாலும், வாசலில் ஒரு பெண் நிற்பதுபோல் தோன்றும். சம்பூலை என்று நானே பெயர் வைத்தேன். கதை பிறந்தது அவ்வளவுதான்.

2

அந்த மழைக்காலத்தில் மகதத்து வானம்

[வேண்டாம். வானத்தில் ஏறினால் நான் லேசில் இறங்கமாட்டேன்.]

சம்பூலை குகை வாசலில் கஞ்சிச் சட்டியோடு தம்பி குண்டலனை வழிமறித்தாள். அவன் இப்போது பிக்கு. உள்ளே கூடும் சபையில் பிக்குகளுக்கு மட்டும்தான் இடம்.

"டேய் குண்டலா... சரி சரி, சாமி! புத்தர் எங்கிட்ட சொன்னத உள்ள சொல்லிடுவல்ல?"

"நீதானக்கா கேட்ட? நான் கேக்கலியே."

"என் கஞ்சி உள்ள போகும், என் பேச்சு போகாதாக்கும்! வீட்டுக்காரர் செத்த வாரம், வாசல்ல நின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாருடா. அதுலதான் உசுரோட இருக்கேன். நான் போயிட்டா அதுவும் போயிடும்."

"சொல்றேன். முதல்ல ஊத்து. உச்சி தாண்டிட்டா நான் சாப்பிடக்கூடாது."

3

குண்டலன் சபையில் எழுந்தான். (முதல் வரைவில் அவனுக்குத் திக்குவாய் கொடுத்திருந்தேன். மலிவான தந்திரம். அடித்துவிட்டேன்.)

"எங்க அக்கா காதால கேட்டது ஒண்ணு இருக்கு."

"நீங்க கேட்டீங்களா?" என்றார் மூத்த பிக்கு.

"இல்லீங்க."

மூத்தவர் கெட்டவர் அல்ல. கேட்டவர் வாயிலிருந்து வந்தால்தான் சேர்ப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். சங்கத்து வழக்கப்படி அறிவித்தார்: "இத விட்டுடலாம். சம்மதம்னா பேசாம இருங்க. இல்லேன்னா பேசுங்க." மூன்று முறை கேட்டும் யாரும் பேசாவிட்டால் முடிவாகிவிடும். முதல் முறை கேட்டாயிற்று. யாரும் பேசவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே.

வெளியே நின்ற சம்பூலைக்குப் பேச்சு எட்டவில்லை, அமைதி மட்டும் எட்டியது. முன்பு அவள் சாப்பிடக் கூப்பிட்டபோது புத்தர் பேசாமல்தான் இருந்தார். வருகிறேன் என்று அர்த்தம். மறுநாள் வந்தும்விட்டார்.

"ஒத்துக்கிட்டாங்க!" என்று சிரித்தாள்.

பாவி, இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

4

இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் குண்டலன் கத்துகிறான். மற்றதில் சட்டியோடு இவளே உள்ளே நுழைகிறாள். இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன, எனக்கென்ன எழுதத் தெரியாதா? ஆனால் அவர்களில் யார் வாய் திறந்தாலும் அந்த வார்த்தை வேண்டுமே. அதை நான் கேட்கவில்லை. புத்தர் வாயில் என் சரக்கைப் போடமாட்டேன்.

ஆகவே சபை இனி நீங்கள்தான். சம்பூலை கேட்டதை விட்டுவிடலாம். சம்மதமானால் பேசாமல் இருங்கள்.

இரண்டாம் முறையும் கேட்கிறேன். விட்டுவிடலாம். சம்மதமானால் பேசாமல் இருங்கள்.

வெளியே அவள் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

மூன்றாம் முறை கேட்கிறேன்.